ஃபிளாட்டுக்கு எந்த நாய்? 700 ரூபாய் கொடுத்து ஆலோசனை கேட்ட கதை

டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் நாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பால்கனி எந்தப் பக்கம், டீச்சர்?" என்றார். மேற்குப் பக்கம் என்றேன். நேராகப் போய்க் கதவைத் திறந்து, குனிந்து, உள்ளங்கையைத் தரை டைல்ஸில் வைத்தார். ஏப்ரல் மாதம், மணி மூன்றரை. மூன்று எண்ணுவதற்குள் கையை எடுத்துக்கொண்டார். "நம்ம கால்ல செருப்பு உண்டு. அதுக்கு இல்ல, கேட்டோ."

இது நாய்க் கடை பற்றிய மதிப்புரை அல்ல. நாய் வாங்கும் முன் வீட்டுக்கு வந்து, வீட்டையும் வீட்டு ஆட்களையும் பார்த்து, எந்த நாய் சரிப்படும் என்று சொல்லும் ஒரு சேவையைப் பற்றியது. அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் பாலக்காட்டில் இதைச் செய்கிறார். கட்டணம் 700 ரூபாய். எங்களோடு வேலை பார்க்கும் மேத்ஸ் டீச்சர்தான் நம்பர் கொடுத்தார்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம். ஒலவக்கோடு பக்கம், நாலாவது மாடி, இரண்டு படுக்கையறை. நான் கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் மீடியம் டீச்சர், காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பினால் திரும்ப நாலரை. வீட்டுக்காரருக்குக் கஞ்சிக்கோட்டில் ஷிஃப்ட் வேலை. மகள் ஏழாவது படிக்கிறாள். அத்தை வேலந்தாவளத்தில் தோட்டத்து வீட்டில் இருக்கிறார், மாதத்தில் பத்து நாள் எங்களோடு. நாய் என்றதும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "கட்டி வெக்கறதுக்குத் திண்ணை எங்க இருக்குது அம்மணி?" நியாயமான கேள்விதான். தோட்டத்தில் நாய்க்கு இனம் கிடையாது, கருப்பன், செவலை என்று நிறம்தான். (மலையாளத்தில் நாய்க்குப் பட்டி என்று பெயர். எங்கள் சொந்தக்காரர்கள் ஊர்ப் பெயரில் பாதி பட்டியில்தான் முடியும். கல்யாணப் பத்திரிகையை வாசித்துப் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை.)

மகளுக்கு பீகிள் வேண்டும், ரீல்ஸில் பார்த்தது. வீட்டுக்காரருக்குப் பக். 2003இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடிய அந்த நாயை அவர் இன்னும் விடவில்லை. எனக்கு எது வந்தாலும் சரி, சத்தம் போடக் கூடாது. இரண்டாவது மாடியில் ஒரு வெள்ளை நாய் இருக்கிறது. லிஃப்ட் கதவு சாத்தினால் குரைக்கும், திறந்தால் குரைக்கும்.

டாக்டரைக் கூப்பிடும் முன் கோயமுத்தூர் ரோட்டில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். ஃபிளாட் என்று சொன்னதும் கடைக்காரர் ஷிட்ஸூ குட்டியை எடுத்து மகள் கையில் வைத்துவிட்டார். "சின்ன வீட்டுக்குச் சின்ன நாய், அவ்வளவுதாங்க கணக்கு." எத்தனை நாள் குட்டி என்று கேட்டால் நாற்பது, நாற்பத்தைந்து இருக்கும் என்றார். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளிலேயே இருக்கிறது. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. தாயைப் பார்க்கலாமா என்று கேட்டோம், தாய் பெங்களூரில் இருக்கிறதாம். குட்டியைத் திரும்பக் கொடுக்க மகளிடம் இருந்து பிடுங்க வேண்டியிருந்தது. கார் வாளையார் தாண்டும் வரை அழுதாள்.

டாக்டருக்கு வருவோம். இரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர் வந்தது மூன்றரைக்கு. எங்கேயோ பசு கன்று போடச் சிரமப்பட்டதாம். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. பால்கனி முடிந்ததும் வீட்டைச் சுற்றினார். எட்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் வீட்டில் யார், வாரத்தில் எத்தனை நாள் யாருமே இல்லை, காலையில் எழுந்து நடப்பவர் யார், மழையிலும் நடப்பாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். வீட்டுக்காரர், "நான் நடப்பேன்" என்றார். டாக்டர் அவர் வயிற்றைப் பார்த்தார், எதுவும் எழுதவில்லை.

பிறகு எங்களை ஹாலில் உட்காரவைத்து, "அஞ்சு நிமிஷம் யாரும் பேசாதீங்க" என்றார். ஃபேனையும் நிறுத்தச் சொன்னார். அந்த வெயிலில் வேர்த்துக்கொண்டு நால்வரும் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் எங்கள் வீட்டில் எவ்வளவு சத்தம் என்று எனக்கே தெரிந்தது. லிஃப்ட் கதவு. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில். மேலே நாற்காலி இழுக்கும் சத்தம். கூரியர் பையனின் பைக். ஒலவக்கோடு ஸ்டேஷனில் என்ஜின் ஹாரன். மறுபடி லிஃப்ட் கதவு. "இந்த லிஃப்ட் கதவு ஒவ்வொரு தடவையும் நாய்க்கு காலிங் பெல், டீச்சர். பெல்லுக்குப் பதில் சொல்லணும்னு தோணற நாய் இங்க வேண்டாம்" என்றார்.

கடைக்காரர் அளந்தது சதுர அடியை. இவர் அளந்தது சத்தம், வெயில், வீடு பூட்டிக் கிடக்கும் நேரம். எனக்குத் தெரிந்து ஃபிளாட்டில் நாய் வளர்க்க நினைப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் கடைக்காரர் கணக்கில்தான் மாட்டுகிறார்கள்.

பக் என்றதும் சிரித்தார். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது, பாதத்தில் கொஞ்சம், அவ்வளவுதான். சூட்டை வெளியே தள்ள அதற்கு இருக்கும் பெரிய வழி நாக்கைத் தொங்கப் போட்டு இளைப்பது. பக், ஷிட்ஸூ மாதிரி தட்டை மூஞ்சி நாய்களுக்கு மண்டை எலும்பைக் குட்டையாக்கிக் குட்டையாக்கி வளர்த்துவிட்டார்கள், ஆனால் உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. மூக்குத் துவாரம் இடுக்கு, அண்ணத்துச் சதை தொண்டையில் தொங்குகிறது. அது குறட்டை விடுவதை நாம் அழகு என்கிறோம், அதற்கு மூச்சு முட்டுகிறது. "சென்னையில, பெங்களூர்ல ஏசி போட்டு வளர்க்கிறாங்க. இங்க ஏப்ரல்ல நாற்பது டிகிரி, மதியம் கரண்ட் போனா யாரு விசிறுவா?" வீட்டுக்காரர் இருபது வருஷ ஆசையை அங்கேயே கீழே வைத்தார்.

பாலக்காட்டு வெயில் தெரியாதவர்களுக்கு ஒன்று: மற்ற கேரளம் மாதிரி இது அல்ல. மலைத் தொடரில் விழுந்த இடைவெளியில் உட்கார்ந்திருக்கும் ஊர். கோடையில் தமிழ்நாட்டுப் பக்கத்துச் சூட்டுக் காற்று அப்படியே உள்ளே வரும். கொச்சிக்காரர்கள் எழுதும் அறிவுரையை இங்கே அப்படியே எடுக்க முடியாது.

பீகிள் பற்றிச் சொன்னதுதான் மகளுக்கு வருத்தம். இங்கிலாந்தில் முயல் வேட்டைக்குக் கூட்டமாக ஓடவிட்ட நாய். மோப்பம் கிடைத்தால் பின்னால் நடந்து வரும் வேட்டைக்காரனுக்குக் கேட்கிற மாதிரி ஊளையிடணும், அதற்காகவே பொறுக்கிப் பொறுக்கிப் பெருக்கினார்கள். கூட்டத்தில் இருந்து பழகியதைத் தனியாகப் பூட்டி வைத்தால் அதே தொண்டையைத்தான் திறக்கும். "நாய் தப்பு செய்யல மோளே, அதோட வேலைய அது செய்யுது" என்றார் அவளிடம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மற்றவற்றை வேகமாகத் தள்ளினார். ஹஸ்கி சைபீரியப் பனியில் வண்டி இழுக்கும் நாய், அதன் ரோமத்தோடு இங்கே வளர்ப்பது பாவம். டாஷண்டு உருவத்தில் சரி, வளைக்குள் நுழைந்து பேட்ஜர் என்ற விலங்கைப் பிடிக்க வளர்த்த ஜெர்மன் நாய், ஆனால் நீள முதுகு. சோபாவில் ஏறிக் குதித்தே தண்டுவடத் தட்டு நழுவும், அதற்குக் குரலும் பெரியது. காக்கர் ஸ்பானியலுக்குத் தொங்கு காது, எடவப்பாதி மழையில் (ஜூனில் தொடங்கும் பருவமழை) காது உலரவே உலராது, சீழ் பிடிக்கும். இரண்டாம் மாடி வெள்ளை நாயை எல்லோரும் பாமரேனியன் என்கிறார்கள், அது இந்தியன் ஸ்பிட்ஸ். பாமரேனியனை விட வெயில் தாங்கும், கெட்டிக்கார நாய், காவல் புத்தி அதிகம். அந்தப் புத்திதான் லிஃப்டைப் பார்த்துக் குரைக்கிறது.

நம்ம ஊர் ராஜபாளையம், சிப்பிப்பாறை வளர்த்தால் என்ன என்று நான் கேட்டேன். கொஞ்சம் ஊர்ப் பெருமைதான், ஒப்புக்கொள்கிறேன். 2005இல் ராஜபாளையத்துக்குத் தபால் தலையே போட்டார்கள். டாக்டருக்கு அந்த நாய்கள் மேல் மரியாதை உண்டு. "ஆனா அதுக்கு ஓட நிலம் வேணும். சிப்பிப்பாறை முயல் பிடிக்கற நாய். உங்க லிஃப்ட்ல ஒரு நாளைக்கு எத்தனை அன்னியன் ஏறுவான்? ராஜபாளையத்துக்கு அன்னியனே ஆகாது." பால் வெள்ளை ராஜபாளையத்தில் சில குட்டிகள் காது கேளாமல் பிறக்கும், வாங்குபவர்கள் கையைத் தட்டிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் சொன்னார். அத்தைக்கு அது பிடித்தது. "எங்கய்யன் அப்படித்தான் பாப்பாரு" என்றார்.

அவர் மனதில் முதலில் இருந்தது நாட்டு நாய்தான். வெயில் தாங்கும், மூச்சுக் கோளாறு கிடையாது, தீனிச் செலவு குறைவு. ஆனால் குட்டி வேண்டாம் என்று அவரே சொன்னார். எந்தக் குட்டியாக இருந்தாலும் முதல் நாலைந்து மாதம் பகலில் ஆள் வேண்டும், எங்கள் வீட்டில் ஆள் இல்லை. "வளர்ந்த நாய் எடுங்க. அது குரைக்குமா, தனியா இருக்குமா, குழந்தைகிட்ட எப்படினு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். குட்டியில அதெல்லாம் லாட்டரி." கேரளத்தில் உட்கார்ந்துகொண்டு லாட்டரியை இவ்வளவு இளக்காரமாகப் பேசியவர் இவர் ஒருவர்தான்.

இரண்டு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் பக்கம் ஒரு குடும்பம் குவைத் போகிறது, ஐந்து வயது லாப்ரடார், பெண், கருத்தடை ஆகிவிட்டது. நான் போனை வைத்துவிடப் பார்த்தேன். லாப்ரடாரா? நாலாவது மாடியிலா? "பத்து நாள் வெச்சுப் பாருங்க. சரியில்லேன்னா நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். 700 ரூபாயில் இந்தப் பத்து நாளும் அடக்கம். இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வந்தபோது 33 கிலோ. பெயர் ரோசி, மாற்றவில்லை. முதல் நாள் பால்கனிக் கதவோரம் போய், கதவைப் பார்த்து உட்கார்ந்தது. சித்தூரில் அவர்கள் காரின் ஹாரன் எப்படி இருக்குமோ தெரியாது, கீழே வெள்ளைக் கார் வந்தால் மட்டும் காது தூக்கும். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் மகள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டுப் பென்சில் எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது எலுமிச்சைச் சாதம் இல்லை, கறிவேப்பிலை மட்டும் ஓரமாக இருந்தது. பிறகு சாப்பாடு ஒரு பிரச்னையே இல்லை. சாப்பாடு மட்டும்தான் பிரச்னை என்றும் சொல்லலாம். லாப்ரடார்களில் நாலில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். எங்களுக்கு வந்தது அந்த நாலில் ஒன்று என்று சோதனை இல்லாமலே சொல்வேன்.

சத்தம்? இந்தப் பத்து மாதத்தில் அது குரைத்ததை விரல் விட்டு எண்ணலாம். லிஃப்ட் கதவுக்கு ஒரு கண்ணைத் திறக்கும், மூடிக்கொள்ளும். காலை ஐந்தரைக்குக் கோட்டை மைதானம் பக்கம் முக்கால் மணி நேரம் நடை, சாயங்காலம் அரை மணி. மதியம் வாட்ச்மேன் மனைவி வந்து கீழே கூட்டிப் போய் வருகிறார், மாதம் 1,500 ரூபாய். அந்த நடை ஒரு நாள் தவறினால் மறுநாள் வீட்டில் ஒரு செருப்பு குறையும். வீட்டுக்காரர் மழையிலும் நடக்கிறார். டாக்டர் நோட்டில் அதை எழுதியிருக்கலாம்.

குறைகளுக்கு வருகிறேன். ஒன்று, முடி. "கொட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கொட்டுவதில்லை, பொழிகிறது. கருப்புப் புடவை கட்டிப் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். இரண்டு, தரை. வீடு முழுக்க வழுவழு டைல்ஸ். 33 கிலோ நாய்க்கு அதில் நகம் பிடிக்காது, பின்னங்கால் அகன்று வழுக்கும். இடுப்பு மூட்டு பலவீனம் வரக்கூடிய இனம், முதல் நாளே மேட் போடச் சொல்லியிருக்க வேண்டும். நாங்களாகப் பார்த்துக் கயிற்றுப் பாய் வாங்கிப் போட்டோம், அதில் ஒன்றைத் தின்றுவிட்டது. இப்போது ரப்பர் மேட். மூன்று, அவர் எழுதிக் கொடுத்த குறிப்பு முழுக்க மலையாளத்தில். நான் மலையாளம் வாசிப்பேன், டாக்டர் கையெழுத்தை மலையாளிகளே வாசிக்க மாட்டார்கள். உண்ணிக்கு மாதம் ஒரு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து, வருஷம் ஒரு ரேபீஸ் ஊசி என்று மருந்துக் கடைக்காரர்தான் படித்துச் சொன்னார். உண்ணிக் காய்ச்சல் இந்தப் பக்கம் சர்வ சாதாரணம், வேப்பெண்ணெய் தடவிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

நான்காவது, அக்கம்பக்கம். இதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நாய் வந்த வாரமே லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று நோட்டீஸ் பலகையில் தாள் ஒட்டினார்கள். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் விட்ட வழிகாட்டுதலைப் பள்ளிக்கூடத்து கிளார்க்தான் தேடி எடுத்துக் கொடுத்தார். சங்கம் பெரும்பான்மையோடு தீர்மானம் போட்டாலும் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது, லிஃப்டை மறுக்க முடியாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அசுத்தம் செய்தால் சுத்தம் செய்வதும், ஊசி போட்டு வைப்பதும் நம் பொறுப்பு. ஊசிச் சான்றிதழ், லைசென்ஸ் இரண்டின் நகலோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். தாள் காணாமல் போனது. முகச்சுளிப்பு இன்னும் இருக்கிறது, அதற்கு வழிகாட்டுதல் இல்லை.

லிஃப்ட் என்றதும் ஜூன் மாதம் ஞாபகம் வருகிறது. டாக்டர் அன்று கிளம்பும்போது லிஃப்டில் போகவில்லை, படியில் எண்ணிக்கொண்டே இறங்கினார். கீழே இருந்து போன் செய்து, "72 படி, டீச்சர். லிஃப்ட் நின்னா என்ன செய்வீங்க?" என்றார். நான் சிரித்துவிட்டேன். ஜூன் இரண்டாம் வாரம் மழையில் மோட்டார் அறையில் தண்ணீர் இறங்கி லிஃப்ட் நின்றது. காலை நடை முடிந்து வந்த ரோசி இரண்டாம் மாடி வரை ஏறியது. அங்கே வெள்ளை நாய் கதவுக்குப் பின்னால் உயிரை விட்டுக் குரைத்தது. ரோசி அந்தக் கதவு முன்னால் படுத்துவிட்டது. பிஸ்கட் காட்டினோம், படுத்தபடியே வாயைத் திறந்தது. கடைசியில் பழைய பெட்ஷீட்டை வயிற்றுக்கு அடியில் தொட்டில் மாதிரி கொடுத்து, முன்னால் வீட்டுக்காரர், பின்னால் நான், நடுவில் மழை நீரும் சேறுமாக 33 கிலோ. ஒவ்வொரு திருப்பத்திலும் வாலை ஆட்டி என் முகத்தில் அடித்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் பீரியடைச் சேறு வாசனையோடு எடுத்தேன். நாலு நாள் லிஃப்ட் வரவில்லை. சின்ன நாய் என்றால் இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறியிருக்கலாம், அந்த ஒரு விஷயத்தில் கடைக்காரர் சொன்னது சரி.

தீனி, மருந்து, வாட்ச்மேன் மனைவி சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 6,000 ரூபாய்க்குக் குறையாது. இதை வாங்கும் முன்னால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், டாக்டர் கேட்டால் சொல்வார், கேட்காமல் சொல்ல மாட்டார்.

ஐந்தில் நாலு கொடுக்கிறேன். நேரத்துக்கு வர மாட்டார், மதியம் போன் எடுக்க மாட்டார், கையெழுத்து அப்படி. ஆனால் நாய் விற்கிற லாபம் இல்லாத ஒருவர் வந்து, உங்கள் வீட்டுக்கு இது வேண்டாம் என்று பத்துத் தடவை சொல்வது வேறு எங்கே கிடைக்கும்? தமிழில் தயங்காமல் பேசுவார், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வரையும் வருகிறார், அதற்குப் பெட்ரோல் காசு தனி.

ஆறு மாதம் ஆனதும் அவரே போன் செய்து எடை கேட்டார். 35 என்றேன். "எப்படி டீச்சர்? நான் எழுதின அளவுதானே குடுக்கறீங்க?" அளவு டம்ளர் வைத்துத்தான் போடுகிறேன், மேசை மேல் இருந்து ஒரு பருக்கை கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்தேன். போனை வைத்துவிட்டு அத்தையைப் பார்த்தேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், அவர் கால் மேல் ரோசி தலை வைத்துப் படுத்திருந்தது.

"நாலு இட்லி என்ன அப்படிக் கனக்குது அம்மணி?" என்றார், நிமிராமலே.